புயலுக்கு முன்னால் நண்பர்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர்க்காரர்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும், அங்கிருந்து டிசம்பர் கடைசி வரை வங்கக் கடலில் ஏதாவது ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். மெழுகுவர்த்தி வாங்கு, பிரெட் வாங்கு, போனை சார்ஜ் போட்டு வை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதெல்லாம் சரிதான். நான் சொல்ல வந்தது வேறு. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு புயலைத் தாண்டுவது எப்படி, அதற்கு முன்கூட்டியே என்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

முதல் வேலை, "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

2011 டிசம்பர் 29 சாயங்காலம் நான் என் தோழியிடம் அதைத்தான் சொன்னேன். அவள் அப்போது ஓ.டி. (கடலூர் முதுநகர்) பக்கம், சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீட்டில் இருந்தாள், படுத்த படுக்கையாக மாமியார் வேறு. மறுநாள் விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அவள் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே நடந்து போய்ப் பார்த்தால் பாதிக் கூரை இல்லை, மாமியாரை ஒரு மூலையில் உட்கார வைத்துத் தார்ப்பாயைப் போர்த்தியிருக்கிறாள், அந்தக் கட்டில் மெத்தை இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வீட்லயே எவ்வளவு வேலை இருக்கும்னு நெனச்சேன்டி" என்றாள். கஷ்டத்தில் இருக்கிறவர் உதவி கேட்கவே மாட்டார், அதுவும் நெருங்கிய நட்பு என்றால் கேட்பதற்கு இன்னும் கூச்சப்படுவார். அதனால் கேட்கிற வேலையே யாருக்கும் வராதபடி, யார் யாருக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாங்கள் ஐந்து பேர் அப்படித்தான் செய்கிறோம்.

யார் யாரைச் சேர்ப்பது

நாலு பேர், ஐந்து பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் எல்லோரும் "டேக் கேர்" போடுவார்கள், யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே தெருவில் இருந்தாலும் பயனில்லை, தண்ணீர் வந்தால் ஐந்து வீட்டிலும் சேர்ந்துதான் வரும். எங்களில் ஒருத்தி தேவனாம்பட்டினம், கடல் பக்கம். ஒருத்தி நாணமேடு, தென்பெண்ணை ஆறு பக்கம். நான் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடி. ஒருவர் பண்ருட்டிக்கு உள்ளே முந்திரித் தோப்புக்காரர். ஐந்தாவது ஆள் திருச்சியில் இருக்கிறாள். வெளியூர் ஆள் எதற்கு என்று கேட்கலாம். இங்கே டவர் போய்விட்டால் எங்களால் ஒரு செய்தியும் பார்க்க முடியாது, அவளால் முடியும். வானிலை மைய அறிவிப்பு, எந்த அணையில் எவ்வளவு திறந்தார்கள், எந்தச் சாலையை அடைத்தார்கள், இதையெல்லாம் பார்த்து இரண்டு வரி எஸ்.எம்.எஸ். அனுப்புவது அவள் பொறுப்பு. வாட்ஸ்அப் போகாத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

புதுச்சேரியில் இருப்பவர்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் இருக்கிறவர் எல்லோருமே தாழ்வில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் மேட்டில் ஒரு நண்பர் வேண்டும். பாகூர் பக்கம் என்றால் ஆறும் ஏரியும் இரண்டும் கணக்கில் வரும்.

ஒரு நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஒரு நாள் உட்காருங்கள். போனில் வேண்டாம், நேரில் உட்கார்ந்து பழைய நோட்டு ஒன்றில் எழுதுங்கள். சார்ஜ் தீர்ந்த போனில் இருக்கிற நம்பர் யாருக்கும் உதவாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். கூரை ஓடா, ஷீட்டா, தளமா, முன்பு எந்த வருடம் தண்ணீர் ஏறியது, எந்தப் படி வரை. வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி, அவர்கள் சாப்பிடுகிற மாத்திரையின் பெயர். சர்க்கரைக்கு ஊசி போடுபவர், நெபுலைசர் வைக்கிறவர், டயாலிசிஸ் போகிறவர் இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ரத்த வகை. வீட்டில் ஆடு மாடு, நாய் உண்டா. அடிபம்பு பக்கத்தில் எங்கே இருக்கிறது. மாற்றுச் சாவி யாரிடம். எல்லோர் நம்பரும். அதோடு 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108, 112. தமிழ்நாட்டுப் பக்கம் மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. ஒவ்வொருவரும் அந்தப் பக்கங்களைப் பார்த்து எழுதி, ஜிப் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்தபின், யார் யார் வீட்டுக்குப் போவது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "தண்ணி உன் வீட்டு ரெண்டாவது படி வந்தா நீ, அத்தை, பிள்ளைங்க மூணு பேரும் எங்க வீட்டுக்கு வர்றீங்க, நடு ரூம் உங்களுக்கு" என்கிற அளவுக்குத் தெளிவாகப் பேச வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். பெரியவர்கள் அடுத்தவர் வீட்டில் போய்த் தங்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "என் வீட்டை விட்டு நான் எங்கயும் வரல" என்று கட்டிலைப் பிடித்துக்கொள்வார்கள். புயல் இரவில் அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால் முன்னாலேயே, வெயில் அடிக்கிற ஒரு நல்ல நாளில், அவர்களை அந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே படுக்கலாம், பாத்ரூம் எங்கே, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இன்னொரு தோழியின் மாமியார் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வந்து வடை சுட்டார், 2020-இல் நிவர் புயல் வந்தபோது ஒரு வார்த்தை மறுக்காமல் ஆட்டோவில் ஏறினார். பெண்கள் தாமதமாகக் கிளம்புவதற்கும் பெரும்பாலும் கழிவறைதான் காரணம், அதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தங்க வருகிறவர்களுக்கு நாப்கின், மாற்றுத் துணி, ஒரு தனிக் கதவு இவ்வளவும் இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

எச்சரிக்கை வந்ததும்

காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னதுமே ஓட வேண்டாம், வருடத்துக்குப் பல வரும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல், அப்போதுதான் பெயர் வைக்கிறார்கள். ஆனால் பெயர் வைக்கவில்லை என்பதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். 2015 நவம்பரில் இந்த மாவட்டத்தை உலுக்கிய வெள்ளத்துக்குப் பெயர் எதுவும் இல்லை, விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் ஓடையில் வந்த தண்ணீர் வீடுகளையே கொண்டுபோனது. நாங்கள் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று ரெட் அலர்ட், அதாவது ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று அர்த்தம். இன்னொன்று கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றுகிற கூண்டு. 1, 2 என்றால் தூரத்தில் எங்கோ இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரிய அபாயம், 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது.

எங்கள் கணக்கில் ரெட் அலர்ட் வந்த அன்றே தேவனாம்பட்டினம் தோழி வீட்டில் படகை மேலே இழுத்துக் கட்டவும், வலையையும் இன்ஜினையும் ஏற்றி வைக்கவும் கை கொடுக்க ஆள் போய்விட வேண்டும். மீனவர் வீடுகளில் எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே வருமானம் நின்றுவிடுகிறது, புயல் வரும் முன்னரே அவர்களுக்கு நஷ்டம் தொடங்கிவிடும். கையில் ரொக்கம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், கொடுத்துவிடுங்கள், அதுவும் பத்து, இருபது, ஐம்பது நோட்டாக. கரண்ட் போனால் ஏ.டி.எம். வேலை செய்யாது, கியூ.ஆர். கோடும் வேலை செய்யாது, கடைக்காரரிடம் சில்லறை இருக்காது.

டயாலிசிஸ் போகிறவருக்கு ஒரு நாள் முன்னாலேயே செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவமனையில் கேட்பது ஒருவர் வேலை. மாத்திரை பத்து நாளுக்கு வாங்கி வைப்பது இன்னொருவர் வேலை. நெபுலைசர், ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவரை இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், இருட்டுவதற்கு முன்னால். எந்த இடமாற்றமும் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும், இதில் மட்டும் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு ராத்திரிக்கு மட்டும் தயாராக இருக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது, அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அது புதுச்சேரி பக்கத்திலேயே நகராமல் நின்றுகொண்டு கொட்டியது, ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர். மூன்று நாளுக்கு அடுப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி அவல், பொட்டுக்கடலை, வெல்லம், ரஸ்க், வாழைப்பழம் இருக்கட்டும். வீட்டில் வந்து தங்குபவர்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

காற்று அடிக்கிற நேரத்தில்

வெளியே போகாதீர்கள். நண்பனைப் பார்க்கக்கூடப் போகாதீர்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது செய்தி மட்டும்தான். நாங்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்திருக்கிறோம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உங்கள் ஜோடிக்கு "சரி" என்று ஒரு வார்த்தை. மற்ற நேரம் போனை ஃப்ளைட் மோடில் போட்டு வையுங்கள், சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் வெளியூர் ஆளுக்குச் சொல்லுங்கள், அவர் மற்ற வழிகளில் முயன்று பார்ப்பார், தேவைப்பட்டால் 1077-க்குச் சொல்வார். ஆளாளுக்கு ஒரே நம்பரை அடித்துக்கொண்டிருந்தால் அவருடைய மிச்ச சார்ஜும் போய்விடும்.

கேஸ் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறையில் இருங்கள். காற்று சட்டென்று நின்று, வானம் கொஞ்சம் வெளுத்து, அமைதியாகிவிட்டால் கதவைத் திறக்க வேண்டாம். புயலின் கண் தலைக்கு மேலே இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்ப வரும். விழுந்த ஷீட்டை எடுக்க அந்த இடைவெளியில் வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மழை நின்றபின்தான் ஆறு வரும்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெஞ்சல் கடந்து, மழை ஓய்ந்து, நாங்கள் துணி காயப்போட ஆரம்பித்திருந்தோம். டிசம்பர் 2 விடியற்காலை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். இங்கே வானம் தெளிவாக இருக்கிறது, நாணமேட்டுத் தோழி வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். திருச்சியிலிருந்து "சாத்தனூர் திறந்துட்டாங்க, உடனே கிளம்பு" என்று ஒரு வரி வந்தது. அவள் பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டு, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், சுவரில் அந்தக் கோடு இன்னமும் இருக்கிறது. ஆகவே ஆற்றோரம் ஒரு நண்பர் இருந்தால், மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு அணைச் செய்தியைப் பார்க்கிற ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் நடை

வெளிச்சம் வந்ததும் நோட்டில் எழுதியபடி யார் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரை நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு பேராகப் போங்கள், கையில் நீளமான கம்பு, ரப்பர் செருப்பு. தேங்கிய தண்ணீரில் அறுந்த ஒயர் கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றிய வீட்டில் பாம்பு, தேள், பூரான் எல்லாம் இருக்கும், அலமாரியில் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியது பிளாஸ்க்கில் சூடான டீ, குடிதண்ணீர், சார்ஜ் ஏறிய பவர் பேங்க். வெறும் கையோடு போய் "எப்படி இருக்கே" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்றுதான் பதில் வரும். உள்ளே போய் அடுப்படியையும் படுக்கையையும் பாருங்கள், பதில் அங்கே இருக்கும்.

சம்ப்புக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருந்தால் அதை மோட்டார் போட்டு மேலே ஏற்றிவிடாதீர்கள், மாடித் தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். நனைந்த ஃப்ரிட்ஜ், மிக்சி எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போட வேண்டாம். தண்ணீரில் நின்ற காரை, பைக்கை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்சுலின் பற்றி எல்லோரும் பதறுவார்கள். பயன்பாட்டில் இருக்கிற பாட்டில் சூடு அதிகம் படாத இடத்தில் நாலு வாரம் வரை தாங்கும், பிரிக்காத பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி வேண்டும். கரண்ட் இல்லையென்றால் பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் கவரில் சுற்றிய மருந்து, மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐஸ்மேல் நேரே வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

தானேவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஜெனரேட்டரை வண்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பித் தந்தார்கள். தனியாக அழைத்தால் கட்டுப்படியாகாது, பக்கத்தில் இருக்கிற மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் வரச்சொல்லி, ஒவ்வொரு மோட்டாருக்கும் இருபது நிமிடம் என்று ஓட்டினோம், அப்படியே எல்லா போனுக்கும் சார்ஜ் போட்டோம். ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் ஓட வேண்டும், போர்ட்டிகோவிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். வீட்டு பிளக் பாயின்ட் வழியாகக் கரண்டை உள்ளே விடவும் கூடாது, கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் மேல் பாயும்.

ஒரு மாதம் வரை

எல்லோரும் முதல் மூன்று நாள் ஓடி ஓடிச் செய்வார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். உண்மையில் கஷ்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வெள்ளத்தில் நடந்தவருக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் கூடவே மருத்துவரிடம் போங்கள், "வெள்ளத்தண்ணியில நடந்தாங்க" என்பதை நீங்கள் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலா என்று பார்ப்பதற்கு அந்த ஒரு வரி மருத்துவருக்கு உதவும்.

சுத்தம் செய்யும் முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள், சுவர்க் கோடு, உடைந்த ஷீட், செத்த ஆடு எல்லாம். நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டையை வைத்துத்தான் வருகிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரியில் அட்டைக்கு 5000 ரூபாய், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2000 ரூபாய் கொடுத்தார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வேறு ஊர் முகவரியில் அட்டை வைத்திருக்கிறவருக்குச் சிக்கல் வரும், வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒருமுறை அவரோடு சேர்ந்து நடந்து போங்கள், தனியாளாகப் போய் நின்றால் மனசு விட்டுப்போகும்.

பணத்துக்கு நாங்கள் ஆடி மாதத்திலிருந்து ஆளுக்கு 200 ரூபாய் போட்டு வருகிறோம். மார்கழி முடியும்போது யாருக்கு அடி அதிகமோ அவருக்கு மொத்தமும் போகும், அது கைமாத்து இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை என்று முதல் நாளே பேசிவிட்டோம். பேசாமல் விட்டால் வாங்கியவர் மனதில் அது கடனாகவே கிடக்கும், பார்க்க வருவதைக் குறைத்துக்கொள்வார்.

பண்ருட்டி நண்பரின் விஷயம் வேறு மாதிரி. தானேயில் அவருடைய முந்திரி, பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, அப்பா வைத்த மரங்கள். புது முந்திரிக் கன்று காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும், பலாவுக்கு இன்னும் அதிகம். அந்த நஷ்டத்தை ஐந்து பேர் சேர்ந்து ஈடுகட்ட முடியாது. நாங்கள் செய்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவரோடு தோப்பில் நின்றது, விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டது, மத்தியானம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டது. அவர் மரத்தைப் பற்றிப் பேசினால் கேட்டோம், "போனா போகட்டும்" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருடைய சின்னப் பெண் அப்புறம் ரொம்ப நாள் காற்றுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மழை இரவுகளில் என் மகள் போன் பண்ணி அவளோடு கதை பேசுவாள், நோட்டில் அந்த வேலைக்கு நேரே என் மகள் பெயர்தான் எழுதியிருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் அதே நோட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். எது பத்தவில்லை, யாரை மறந்தோம், யார் வீடு மாறிவிட்டார். போன ஜனவரியில் நாங்கள் சேர்த்தது மூன்று: மாட்டுக்கு இரண்டு நாள் வைக்கோல் என் வீட்டு மாடியில், அத்தைக்கு இன்னொரு மூக்குக்கண்ணாடி, திருச்சிக்காரிக்கு ஒரு மாற்று ஆள், அவள் அந்த வாரம் ஊரில் இல்லாவிட்டால் அணைச் செய்தியைப் பார்ப்பதற்கு.